பசி மறுப்பும் ஆளுமையும்

1873ஆம் ஆண்டிலே பரிசில் சார்ள்ஸ் லசேக்கும் இலண்டனில் வில்லியம் கல்லும், உடல்நோய் எதுவுமின்றி உணவை மறுத்து மெலியும் இளம்பெண்களைப் பற்றித் தனித்தனியே எடுத்துரைத்தனர். இருவரும் காரணத்தை உள்ளத்திலேயே தேடினர். கல் அதனைப் பிறழ்ந்த மனநிலை என்றார். லசேக்கின் நோக்கு இன்னும் கூரியது: தன் நிலையில் நோயாளி கொண்ட நிறைவோடு, கெஞ்சியும் மிரட்டியும் நின்ற குடும்பத்தாரையும் அவர் சேர்த்தே வருணித்தார். ஒரு நூற்றாண்டின் பின், 1978இல், ஹில்டே புறூக் தமது நூலிலே காட்டிய பெண் வேறொருத்தி: பெற்றோருக்குப் பணிந்தவள், கல்வியிற் சிறந்தவள், தன்னிடத்துக் குறையெதனையும் பொறாதவள்.

இவ்வியல்புகள் நோயை விளைத்தனவா, அன்றி நோயினால் விளைந்தனவா? இதற்கு விடைதரும் சான்றொன்று முன்னரே கிடைத்திருந்தது. போரினால் பட்டினியுற்றோரை மீட்கும் வழிகாணுமுகமாக, 1944-45இல் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ், போரிற் சேர மறுத்த 36 இளைஞரை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உடல்நலமும் உளநலமும் உடையோரெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்வாடவர்களே எரிச்சலும் சோர்வும் உற்றனர், கூடிப்பழகுதலைத் தவிர்த்தனர், சிற்றுணவை நெடுநேரம் வைத்து உண்டனர், சிலர் சமையல் நூல்களைச் சேகரிக்கலாயினர். ஆகவே, மருத்துவர் குணமென எழுதிவைத்தவற்றுட் பல, பசியின் வேலையே. பட்டினி கிடந்தவளைப் பிடிவாதக்காரி எனக் கொண்ட பழைய தீர்ப்பு அவசரத் தீர்ப்பே ஆகும்.

எனினும் யாவும் பசியின் வேலையன்று. உடல் தேறிய பின்னரும் செம்மைநாட்டம் பலரிடம் நீடித்தமையையும், சிலரில் அது நோய்க்கு முன்பே, குழந்தைப் பருவத்திலே, தென்பட்டமையையும் பிற்கால ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன.