கழி ஏறும் மெர்போக்

மலேசியாவின் சபாக் பெர்ணம் மாவட்டத்துச் சுங்கை பஞ்சாங் வட்டாரத்தில் ஜாவா வழிவந்த குடும்பங்கள் அதிகம். 1930களில் தொடங்கிய தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டம் பெர்ணம் ஆற்று நீரைச் சதுப்புக் காட்டுக்குள் கொண்டுவந்தது. அந்தக் காட்டை நெல்வயலாக்கியவர்களில் ஜாவாக்காரர்களும் பஞ்சார்க்காரர்களும் உண்டு. மலாய்க்காரர் ‘மெர்போக்’ என்றும் ஜாவாக்காரர் ‘பெர்குத்துத்’ என்றும் அழைக்கும் சின்னப் புறா இந்த மண்ணுக்கே உரியது. நீளம் ஏறத்தாழ ஒரு சாண். கழுத்திலும் மார்போரத்திலும் கறுப்பு வரிகள். தரையில் நடந்து புல்விதை பொறுக்கித் தின்னும்.

வீடு, மனைவி, கிரிஸ் கத்தி, குதிரை, பறவை ஆகிய ஐந்தும் இருந்தால்தான் ஆண்மகன் நிறைவானவன் என்பது பழைய ஜாவா மரபு. அந்தப் பறவை பெரும்பாலும் பெர்குத்துத். அதை எப்படி வெளியே விடுவது என்பதற்கும் அந்த மரபில் ஒரு விடை இருக்கிறது: விடுவதே இல்லை! நெட்டைக் கழியின் உச்சியில் கப்பி கட்டி, பறவையைக் கூண்டோடு மேலே ஏற்றுகிறார்கள். காற்றும் காலை வெயிலும் கிடைக்கும், பூனைக்கு எட்டாது. உயரத்தில் நின்றால் குரலும் நன்றாக எழும் என்பார்கள். போட்டித் திடலில் வரிசையாக இப்படிக் கழிகள் நிற்க, நடுவர்கள் கீழிருந்து கூவலின் தொடக்கம், நடு, முடிவு என்று பிரித்துக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். தென் தாய்லாந்தின் யாலாவில் நடக்கும் போட்டிக்கு அண்டை நாட்டுக்காரர்களும் கூண்டோடு வருகிறார்கள்.

சென்னை மொட்டைமாடிகளில் கதையே வேறு. அங்கே கூண்டைத் திறந்துவிடுவதுதான் விளையாட்டு. கர்ணப்புறா குட்டிக்கரணம் போடும். ஹோமர் என்ற பந்தயப் புறா நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வீடு சேரும். தனுஷ் நடித்த ‘மாரி’ (2015) படம் இந்தப் புறாப் பந்தயத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. புறா ஆசை பழையது: அக்பரின் அரண்மனையில் 20,000 புறாக்களுக்கு மேல் இருந்ததாக அபுல் ஃபசல் எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் அவையெல்லாம் மாடப்புறா இனம். வீடு திரும்பும் குணத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. அப்படியிருந்தும் இளம்புறாவை முதலில் கூட்டுக்குப் பழக்கி, பசியோடு வெளியே விட்டு, தீனிச் சத்தத்துக்குத் திரும்ப வைத்து, பிறகே தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள்.

மெர்போக்கிடம் அந்தப் பயிற்சியை நம்ப முடியாது. 1922இல் ஹவாய்க்குக் கொண்டுபோகப்பட்ட மெர்போக் அங்கேயே குடியேறி, இன்று தெருவெல்லாம் மேய்கிறது. கூண்டு திறந்தால் போன இடம்தான் அதற்கு ஊர். கல்யாண வீடுகளில் பறக்கவிடும் வெள்ளைப் புறா விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். வெள்ளை ஹோமர் வீடு திரும்பும். கூண்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைச் சிறு புறா வல்லூறுக்கோ பசிக்கோ இரையாகும்.

ஆகவே இந்த வட்டாரத்தில் மெர்போக் வளர்ப்பவருக்குக் கழியும் கப்பியுமே போதும். பறக்க இடம் தர நினைத்தால் வலையடித்த பெரிய கூண்டு கட்டலாம். வயலில் கண்ணிவைத்துப் பிடிக்க வேண்டாம். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. உரிமம் பற்றி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பறவையை வாங்குங்கள்.