குருதியில் இரும்பும் தோட்டத்துக் கொழுந்தும்

ஊவா மலைச்சரிவில், கொஸ்லந்த முதலிய தோட்டங்களில், கொழுந்து கொய்யும் மாதரிடை வெளிறிய நகமும் ஏற்றத்தில் மூச்சிரைப்பும் புதியனவல்ல. சோம்பலென்று கண்டிக்கப்பெற்ற தளர்ச்சி, பல வேளைகளிற் குருதியில் இரும்பு குன்றியதன் விளைவேயாம்.

குருதியில் இரும்பு உண்டென்பதை 1746இல் இத்தாலியரான மெங்கினி காந்தங்கொண்டு காட்டினார். தோட்டங்களில் அவ்விரும்பைக் கவர்ந்தவற்றுள் முதன்மையானது கொக்கிப்புழு. லயத்தைச் சூழ்ந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இதனை ஒழிக்க முற்பட்டு மருந்தளித்தனர். கழிப்பிடங்கள் போதாமையாற் புழு மீண்டது.

1979இல் எட்கர்ட்டன், சேனவிரத்ன முதலியோர், இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். கொழுந்து கொய்வோரின் குருதியைச் சோதித்து, ஒரு சாரார்க்கு இரும்பும் மற்றோர்க்கு வெறும் மருந்தும் அளித்தனர். ஒரு மாதத்தில், இரும்பு பெற்றுக் குருதி தேறியோர் மிகுதியாகக் கொய்தனர். இரும்பேந்திய செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபின், 100 மில்லிலீற்றருக்கு 6 முதல் 9 கிராமே உடையோரிடத்து அவ்வேற்றம் பெரிதாயிருந்தது. (உடல்நலத்துக்குக் கொழுந்தின் நிறையே அளவுகோலாயிற்று என்பதும் கருதத்தக்கது.) குறித்த நிறை கொய்தாலன்றி முழு நாட்கூலி கிட்டாத தோட்ட முறையில், குருதிக் குறைவு கூலிக் குறைவாகவும் முடிந்தது.