தெஸ்பியாவின் எழுநூறு பேர்

கி.மு. 480இல் தெர்மோபிலே கணவாயில் பாரசீகப் படையை எதிர்த்து மடிந்த 300 ஸ்பார்ட்டா வீரர்களை உலகமே அறியும். அவர்களோடு, போகலாம் என்றிருந்தும் போகாமல், டெமோபிலஸ் தலைமையில் 700 தெஸ்பியர்களும் நின்று போரிட்டார்கள். அவர்களுக்கென்று அங்கே நினைவுச்சின்னம் எழுந்தது 1997இல்தான்.

தெஸ்பியா, கிரேக்கத்தின் பியோஷியா பகுதியில் ஒரு சிறு நகர அரசு. 700 பேர் என்பது அதற்கு ஏறக்குறைய ஒரு தலைமுறை. பின்னாலேயே பாரசீக மன்னன் செர்க்சஸ் ஊரையும் எரித்தான். அப்படியும் மறு ஆண்டு பாரசீகர்களுக்கு எதிரான பிளாட்டியா போருக்கு 1,800 பேர் வந்தார்கள், முழுக் கவசம்கூட இல்லாமல்!

கி.மு. 424இல் டீலியம் போரில் பியோஷியாவின் பெரிய நகர அரசான தீப்ஸுடன் சேர்ந்து ஏதென்ஸை எதிர்த்த தெஸ்பியர்கள் எதிரிகளிடம் வளைபட்டுப் பெருமளவில் மாண்டார்கள். தடுக்க ஆளில்லாத அந்த நேரம் பார்த்து, மறு ஆண்டே, ஏதென்ஸுக்குச் சாய்கிறார்கள் என்று பழி சுமத்தி தீப்ஸ் அவர்களின் மதிலை இடித்தது. கூட்டாளிக்குச் செய்த பச்சைத் துரோகம் அது.