எண் பூட்டும் கட்டத் தாளும்



சென்ற தவணையில் படிவம் நான்கு மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், படத்துல காட்டுற மாதிரி ஸ்டெதஸ்கோப்பைக் காதுல மாட்டிக்கிட்டுப் பெட்டகத்தைத் திறக்க முடியுமா?" அது சினிமாடா என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பியிருக்கலாம். பிறகு தேடிப் படித்தபோதுதான், அந்தக் கேள்விக்குள் ஒரு நல்ல வரலாறு இருப்பது தெரிந்தது. படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பூட்டின் குறையை ஒருவர் எடுத்துச் சொன்னதும், மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

1851-இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தது. அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்பிரட் ஹாப்ஸ் தம் நிறுவனத்தின் பூட்டுகளைக் காட்ட அங்கே வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து பெருமையாக நம்பியிருந்த சப் பூட்டைச் சுமார் 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். அடுத்து பிராமா பூட்டு. இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு பல ஆண்டுகளாக பிக்கடிலி கடைச் சன்னலில் அது சவால் விட்டுக்கொண்டிருந்தது. 16 நாள்களில், மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் ஹாப்ஸ் திறந்தார்.

மக்கள் அதிர்ந்து போனார்கள். இதையெல்லாம் வெளியே சொன்னால் திருடனுக்குச் சொல்லிக் கொடுத்தது போல் ஆகாதா என்ற வாதம் கிளம்பியது. திருடனுக்கு இது முன்பே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டை வாங்குகிறவனுக்குத்தான் என்பது மறுபக்கத்தின் பதில். 1853-இல் வெளிவந்த ஒரு பூட்டுத் தொழில் நூலே இந்தப் பதிலை வலுவாக எடுத்து வைத்தது.

இவை சாவிப் பூட்டுகள். சாவித் துளை இருந்தால் அதன் வழியே கம்பியும் போகும், வெடிமருந்தும் போகும். அதனால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க வங்கிகள் துளையே இல்லாத எண் பூட்டுக்கு மாறின. வட்டில் 100 எண்கள், உள்ளே மூன்று சக்கரங்கள். கணக்குப் போட்டால் பத்து லட்சம் சேர்க்கைகள் வருகின்றன. இனி என்ன கவலை என்றுதான் தோன்றும், இல்லையா?

கவலை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு வெட்டு உண்டு. மூன்று வெட்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால், மேலே இருக்கும் தடுப்புக் கம்பி உள்ளே விழும், தாழ்ப்பாள் நகரும். அதுவரை கம்பி சக்கரங்களின் விளிம்பில் சாய்ந்துகொண்டிருக்கும். கம்பியைத் தாங்கும் நெம்புகோலுக்கு மூக்கு போன்ற ஒரு முனை இருக்கிறது. வட்டைத் திருப்பும்போது அந்த மூக்கு, வட்டோடு சேர்ந்து சுற்றும் வேறொரு சக்கரத்தின் பள்ளத்தில் கொஞ்சம் இறங்கி, இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை இடிக்கும். இவைதாம் தொடுபுள்ளிகள். கையில் மெல்லிய தட்டலாக உணரலாம். வட்டில் எண்ணாகவும் படிக்கலாம்.

மூன்று சக்கரங்களும் துல்லியமாக ஒரே அளவில் இருந்தால் இதிலிருந்து எதுவும் தெரியாது. எந்தத் தொழிற்சாலையிலும் அப்படிச் செய்ய முடிவதில்லை. ஒன்று மயிரிழை பெரிதாகிவிடும், கம்பி அதன்மேல்தான் நிற்கும். அந்தச் சக்கரத்தின் வெட்டு கம்பிக்குக் கீழே வரும்போது கம்பி இம்மியளவு தாழும், மூக்கும் சற்று ஆழமாக இறங்கும். பள்ளம் கீழே போகப் போகக் குறுகுவதால் இரண்டு தொடுபுள்ளிகளும் நெருங்கிவிடும். வித்தியாசம் வட்டின் ஒரு கோட்டில் எட்டில் ஒரு பங்குதான். அதைக் காது எங்கே பிடிக்கப் போகிறது?

தாள் பிடிக்கும். சக்கரங்களை இரண்டரை எண்ணுக்கு ஒருமுறை நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் இரண்டு தொடுபுள்ளிகளையும் குறித்தால் 40 அளவீடுகள் கிடைக்கும். கட்டத் தாளில் அவற்றைப் புள்ளிகளாக்கிக் கோட்டால் இணைத்தால், இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் ஒன்றை நோக்கி ஒன்று சாய்வது தெரியும். ஏதோ ஒரு சக்கரத்தின் வெட்டு அங்கே இருக்கிறது. எந்தச் சக்கரம் என்பதற்கு இன்னொரு சுற்று அளக்க வேண்டும். பத்து லட்சம் இப்படித்தான் சில பத்துகளாகச் சுருங்குகிறது. மறந்துபோன எண்ணுக்காகப் பெட்டகத்தை உடைக்காமல் திறந்து தரும் தொழிலாளர்கள் இன்றும் இந்த முறையைப் பயில்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது பொறுமைதான். 39 அளவீடுகள் ஒன்றும் சொல்லாமல் போகலாம், ஆனாலும் குறித்துத்தான் ஆக வேண்டும்.

பூட்டு செய்தவர்களும் இந்தக் குறையை மறைத்து வைக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹாரி மில்லர் என்ற அமெரிக்கர், எண்களைத் திருப்பும்போது மூக்கு பள்ளத்தைத் தொடவே தொடாத அமைப்புக்கு வழி செய்தார். தொட்டால்தானே அளக்க முடியும்! இன்று அந்நாட்டின் முதல் தரப் பூட்டு, இத்தகைய கைத்திறனை 20 மணி நேரம் தாங்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த இளம் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், இரகசிய ஆவணப் பெட்டிகளின் எண் பூட்டுகளை ஆராய்ந்தார். அவர் வரைபடம் போடவில்லை, அதற்கு அவசியமும் வரவில்லை. ஓர் எண்ணுக்கு முன்னும் பின்னும் இரண்டு எண் தள்ளி நின்றாலும் பூட்டு ஏற்றுக்கொண்டது. அதனால் 100 எண்களில் 20-ஐச் சோதித்தாலே போதும். பெட்டி திறந்து கிடக்கும்போது, பேச்சுக் கொடுத்தபடியே வட்டைத் திருப்பிக் கடைசி இரண்டு எண்களையும் கண்டுபிடித்துவிடுவார். பிறகு தாளில் எழுதி வைத்துக்கொள்வார். மிச்சம் 20 முயற்சிதான். பின்னாளில் இன்னொன்றும் தெரிந்தது: ஏறக்குறைய ஐந்தில் ஒரு பூட்டில் தொழிற்சாலை வைத்த எண்ணைக்கூட யாரும் மாற்றவில்லையாம்!

டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆலைக்குப் போனபோது அங்கிருந்த கர்னலின் பெட்டகத்தைத் திறந்து காட்டி, ஆபத்தையும் அவர் விளக்கினார்: வேலை செய்யும்போது பெட்டியைத் திறந்து போட்டு வைக்காதீர்கள், எண் தெரிந்துவிடும். கர்னல் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை ஃபைன்மன் போனபோது, அவர் தங்கள் அறைக்குள் வந்துவிடக் கூடாது என்று ஆளாளுக்குப் பதறினார்கள். ஏன்? ஃபைன்மன் உங்கள் அறையிலோ அதன் அருகிலோ இருந்தாரா என்று கேட்டு கர்னல் எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். ஆம் என்றவர்களுக்கெல்லாம் பூட்டின் எண்ணை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. எண்ணை மாற்றுவது எரிச்சலான வேலை, புதியதை மனப்பாடம் செய்ய வேண்டும். பெட்டிகள் எப்போதும் போலத் திறந்தே கிடந்தன.