கடன் பத்திரங்களை எரித்த மன்னன்

ஸ்பார்ட்டா என்றதும் போர்வீரர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அங்கே முழுக் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 700 பேர்தான். அவர்களிலும் நிலம் இருந்தது ஏறத்தாழ 100 பேரிடம் என்கிறார் புளூட்டார்க்.

இளம் மன்னன் நான்காம் ஏஜிஸ், கடன்களை ரத்து செய்து நிலத்தைப் பங்கிட விரும்பினான். தன் நிலத்தையும் தருவதாக அறிவித்தான். கடன் பத்திரங்கள் சந்தைவெளியில் எரிக்கப்பட்டன. ஆனால் அவன் தாய்மாமன் அஜிசிலாஸ் பெரிய நிலக்காரர், கடனும் நிறைய. தன் கடன் ஒழிந்ததும் நிலப் பங்கீட்டை இழுத்தடித்தார். மக்கள் வெறுத்துப் போனார்கள். கி.மு. 241இல் ஏஜிஸ் தூக்கிலிடப்பட்டான். தாயும் பாட்டியும் கூட.

ஏஜிஸின் விதவையை மணந்த மூன்றாம் கிளியோமினஸ், கி.மு. 227இல் ஆயுத பலத்தால் நிலத்தைப் பங்கிட்டான். கி.மு. 222இல் செல்லாசியாவில் மக்கெடோனியரிடம் தோற்றதும் அவன் ஆட்சியே முடிந்தது.

பாதியில் நின்ற சீர்திருத்தம் யாருக்கு லாபம்? அஜிசிலாஸைக் கேட்டால் தெரியும்!