திருவாதிரையின் ஒளி வளையி: கணினியில் பார்ப்பதும் பகுப்பதும்

2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. வழமையாக 0.5 பருமனை ஒட்டி நிற்கும் அந்தச் செந்நிற விண்மீன், 2020 பெப்ரவரியில் ஏறத்தாழ 1.6 வரை இறங்கியது. பருமனில் எண் கூடினால் ஒளி குறைவு. ஆகவே வழமையான ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவே எஞ்சியிருந்தது. விண்மீன் வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசியாகி எம் பார்வையை மறைத்ததே முதன்மைக் காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது.

தம்பலகாமத்து வயல்வெளியில் நின்றவர்களும் இதனை வெறுங்கண்ணால் கண்டிருக்க முடியும். வானில் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்குள் இறங்கிப் பழகிய தலைமுறைக்கு, விண்மீனுக்காக அண்ணாந்து பார்க்கும் வழக்கம் குறைவு. அது குறையாகச் சொல்லப்படுவதல்ல. ஆனால் அவர்களின் பிள்ளைகளிடம் இன்று ஒரு கணினி இருந்தால், தொலைநோக்கி இல்லாமலே இத்துறைக்குள் நுழைய வழி உண்டு.

நேரத்தை கிடை அச்சிலும் பருமனை நிலைக்குத்து அச்சிலும் குறித்தால் கிடைப்பது ஒளி வளையி. 1911இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறும் விண்மீன் அவதானிப்பாளர் சங்கம், உலகெங்குமுள்ள அவதானிகள் அனுப்பிய கோடிக்கணக்கான அளவீடுகளைக் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கிறது. அதே சங்கத்தின் இலவச மென்பொருள் வீஸ்டார். ஜாவா நிறுவிய கணினியில் இயங்கும். விண்மீனின் பெயரையும் திகதி எல்லையையும் கொடுத்தால் தரவை இறக்கி வரைந்துவிடும். கோப்பாகச் சேமித்தால் இணையம் இல்லாத நேரத்திலும் வேலை செய்யலாம்.

திரையில் புள்ளிகள் சிதறிக் கிடப்பதைக் கண்டு பலர் குழம்புவார்கள். கண்ணால் மதிப்பிட்டவற்றில் 0.2, 0.3 பருமன் வேறுபாடு இயல்பு. கருவியால் அளந்தவை வேறு நிறத்தில் தெரியும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. பத்து நாட்களுக்கு ஒரு சராசரி எடுத்தால் போக்கு தெளிவாகும். அடுத்தது ஆவர்த்தன காலத்தைத் தேடுவது. மென்பொருள் தரும் பட்டியலில் ஒரு வருடத்தை அண்டிய எண் வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். ஆண்டுதோறும் யூன் மாத அளவில் திருவாதிரை சூரியனுக்குப் பின்னால் மறைவதால் தரவில் விழும் இடைவெளியே அப்படி ஒரு போலிக் காலத்தை உண்டாக்கும். திருவாதிரைக்கு ஏறக்குறைய 400 நாள் மாற்றமும், 2,100 நாள் அளவிலான நீண்ட மாற்றமும் உள்ளன.

பயிற்சிக்கு அல்கோல் இன்னும் நல்லது. 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அது மங்கும். காலத்தைச் சரியாகக் கொடுத்து அவத்தை வரைபுக்கு மாறினால், சிதறிய புள்ளிகள் ஒரே பள்ளமாகச் சேரும். தவறாகக் கொடுத்தால் பள்ளம் கலைந்துவிடும். ஒரு கிரகணம் சுமார் 10 மணி நேரம் நீள்வதால், அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது நடக்கும் பகுதியை எமது நெட்டாங்கிலுள்ளவர்களே நிரப்ப வேண்டும்.

இது எமக்கு அந்நியமான வேலையுமல்ல. சென்னை வானியல் கூடத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் தென்வானில் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் ஒளிமாறுவதைக் கண்டறிந்தார். அதன் காலம் சுமார் 278 நாள். அந்தப் பெயரையும் வீஸ்டாரில் கொடுத்துப் பார்க்கலாம்.

சொந்தமாக அளக்க விரும்புவோர் 0.9 பருமனுள்ள ரோகிணியோடு திருவாதிரையை ஒப்பிட்டு மதிப்பிடலாம். நேரம் யூலியன் நாளில் எழுதப்படும். அது கிறீன்விச் நண்பகலில், அதாவது இலங்கை நேரம் மாலை 5.30க்கு மாறுவதால், எங்கள் ஓர் இரவு முழுவதும் ஒரே நாள் எண்ணுக்குள் அடங்கும். வடகீழ்ப் பருவ மழைமுகில் விலகிய பின், பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு 8 மணியளவில் திருவாதிரை ஏறக்குறைய உச்சியில் நிற்கும். முற்றத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டே குறிப்பெடுக்கலாம்.