கடிதத்தில் எழுதப்படும் காரணம்: அமெரிக்கக் கூட்டாட்சி ஊழியரின் வேலையிழப்புப் பாதுகாப்பு

அமெரிக்கக் கூட்டாட்சி ஊழியர்கள் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான் வேலையிழப்பு உதவித்தொகை பெறும் உரிமையை அடைந்தனர். தனியார் நிறுவனங்கள் இதற்கென வரி கட்டுகின்றன. கூட்டாட்சி அரசு வரி கட்டுவதில்லை. மாநிலம் கொடுத்த தொகையைப் பிறகு ஈடுசெய்கிறது. தகுதியையும் தொகையையும் முடிவுசெய்வது, பொதுவாக ஊழியர் கடைசியாகப் பணியாற்றிய மாநிலம். எனவே 2025-இல் ஒரே துறையில் ஒரே ஊதியம் வாங்கிய இருவரில் மேரிலாந்தில் இருந்தவருக்கு வாரம் 430 டாலர் வரை கிடைத்தது. ஃபுளோரிடாவில் இருந்தவருக்கு உச்சவரம்பே 275 டாலர். இந்த ஏற்றத்தாழ்வு கொடியதுதான். அதைவிட ஆழமான குறை, வேலையை விட்டு அனுப்பும் துறையே எழுதும் காரணத்தை நம்பி இந்தப் பாதுகாப்பு நிற்பது.

2025 பிப்ரவரியில் தகுதிகாண் பருவத்தில் இருந்த பல்லாயிரம் பேர் நீக்கப்பட்டனர். பலருக்கு வந்த கடிதத்தில் செயல்திறன் போதவில்லை என்றிருந்தது. அதையே ஆட்குறைப்பு என்று எழுதியிருந்தால் முன்னறிவிப்புக் காலம் கிடைத்திருக்கும். பிற துறைகளின் காலிப் பணியிடங்களில் வெளியாரைவிட முன்னுரிமையும் கிடைத்திருக்கும். நெடுங்காலம் பணியாற்றிப் புதுப் பதவிக்கு மாறியதால் மீண்டும் தகுதிகாண் பருவத்துக்குள் வந்தவரின் இழப்பு இன்னும் பெரிது. முதல் பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு வாரம், அதன்பின் ஆண்டுக்கு இரண்டு வாரம் என்று கணக்கிடப்படும் பணிநீக்க இழப்பீட்டையும் ‘செயல்திறன்’ என்ற சொல் கேள்விக்குள்ளாக்கியது.

உதவித்தொகையில் மட்டும் இந்த ஆபத்தைச் சட்டம் முன்பே கண்டுகொண்டது. நீக்கத்துக்குத் துறை சொல்லும் காரணமே இறுதியானது என்றிருந்த விதியை 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்ற நெறி அங்கே ஏற்கப்பட்டது. மறுவேலை முன்னுரிமைக்கும் இழப்பீட்டுக்கும் அது நீளவில்லை. தனி ஒருவரின் குறையை அவரது துறையே அறியும் என்பது சரியான வாதம். ஆயிரக்கணக்கானோர் ஒரே வாரத்தில் ஒரே வாசகத்தால் நீக்கப்படும்போது அந்த வாதத்துக்கு இடமில்லை. நீக்கம் செயல்திறன் பற்றியதல்ல என்று ஊழியர்களுக்கு எழுதித் தருமாறு கலிஃபோர்னியக் கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஆல்சப் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டார். அதற்குள் இரண்டு மாதங்கள் போய்விட்டன; வேறு வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் முதலில் கேட்கப்படுவது, முந்தைய வேலை ஏன் போனது என்பதே.

ஆட்குறைப்பு என்றே எழுதப்பட்டவருக்கும் வழி தெளிவாக இல்லை. அவருக்குரிய முன்னுரிமை பெரும்பாலும் ஓராண்டே செல்லும். அவர் பயணம் செய்யக்கூடிய வட்டாரத்தில் தகுதியான காலியிடமும் அறிவிக்கப்பட வேண்டும். 2025 ஜனவரி 20 அன்றே பெரும்பாலான துறைகளில் புதிய நியமனம் நிறுத்தப்பட்டிருந்தது. ஆளெடுப்பதை நிறுத்திய அதே அரசு தரும் முன்னுரிமையின் காலக்கெடு மட்டும் நிற்காமல் ஓடுவது அநீதி. நியமனத் தடை நீடிக்கும் நாள்களை அந்த ஓராண்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கூட்டமாக நீக்கப்படுவோரை, கடிதம் என்ன சொன்னாலும், ஆட்குறைப்புக்கு ஆளானவர்களாகவே கொள்ள வேண்டும். அவர்களின் ஊதிய விவரத்தை மாநிலம் கேட்கும்வரை காத்திராமல், கடைசி வேலைநாளுக்கு முன்பே துறைகள் அனுப்பிவிட வேண்டும்.